இளையோர் மனநிலையும் கைப்பேசியும்

ஒரு நாள் மழையைக் கொண்டு பருவத்தைக் கணிப்பார் இலர். பல நாள் அளவைக் குறித்து வைத்தே கணிக்கிறோம். பதின்பருவத்தினரின் மனநிலையும் அத்தகையதே.

அமெரிக்காவில் மிகாய் சிக்சென்ட்மிகாயி, ரீட் லார்சன் என்னும் ஆய்வாளர்கள் 75 உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பேஜர் கருவி அளித்தனர். ஒரு வார காலம் எதிர்பாரா வேளைகளில் அது ஒலிக்கும். உடனே மாணவர் தம் இடம், செயல், மனநிலை ஆகியவற்றை எழுதுவர். மகிழ்ச்சியும் சோர்வும் ஒரே நாளில் மாறி மாறி வருதல் இவ்வயதின் இயல்பே என்பதை 1984-இல் வெளிவந்த அவர்தம் நூல் விளக்கிற்று.

இன்று அப்பணியைக் கைப்பேசி செய்கிறது. நாளில் சில முறை அது வினவ, பிள்ளைகள் விடையளிக்கின்றனர். கைப்பேசி இல்லாத இல்லத்தில் ஒரு குறிப்பேடே போதும்.

ஒரு வேளைக் கோபத்தைக் கண்டு நாம் அஞ்ச வேண்டா. இரு வாரம் நீடிக்கும் சோர்வையும் உறக்கமின்மையையும் புறக்கணித்தலாகாது. ஆயினும், இக்குறிப்பு பிள்ளையின் விருப்பத்துடன் எழுதப்படுதல் வேண்டும். வேவு பார்க்கும் கருவியானால் உண்மை மறைந்துவிடும்.

உதவி வேண்டுவோர் 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மனாஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். இவ்வெண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதுவித்தல் உறுப்பினர்தம் கடமையாகும்.