பழைய ஸ்போர்ட்ஸ் மணிக்கூடு வாங்கப் போகிறீர்களா?

பாரிஸ் லாச்சப்பலில் சாமான் வாங்கி முடித்ததும் கார் து நோரில் 4ஆம் இலக்க மெட்ரோ ஏறினால் நேரே போர்த் து கிளின்யான்கூர். சென்துவான் பழம்பொருள் சந்தை அங்கிருந்து நடை தூரம்தான். சனி, ஞாயிறு, திங்களில் போங்கள்.

ரோலெக்ஸோ, ஒமேகாவோ, ஹோயரோ, முதலில் டயலைப் பாருங்கள். விலையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. பூதக்கண்ணாடி கட்டாயம். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். ஒளிரும் புள்ளிகளும் முட்களும் ஒரே மாதிரி மஞ்சளித்திருக்க வேண்டும். புள்ளி பழுத்து முள் மட்டும் வெள்ளையாக இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். 1960களுக்கு முந்திய ஒளிப்பூச்சில் ரேடியம் இருக்கலாம். அப்படியானதை வீட்டில் திறக்கவே கூடாது.

நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேட்டோனா 2017இல் நியூயார்க்கில் 1.77 கோடி டொலருக்கு ஏலம் போனது. அதிலிருந்த வகை டயலுக்குப் போலிகள் ஏராளம். பிரான்சில் போலியை வைத்திருப்பதே குற்றம், சுங்கத்துறை பறிமுதல் செய்யும். ஆகவே மலிவில் மயங்காதீர்கள்.

துரூவோ ஏலக்கூடத்தில் விற்பனைக்கு முன் பொருள்களை இலவசமாகப் பார்க்கலாம். கண் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஏல விலைக்கு மேல் கட்டணமும் உண்டு, நாலில் ஒரு பங்குக்கு மேலும் வரும். கேட்டறிந்த பிறகே கையைத் தூக்குங்கள்.

வாங்கியதைச் சர்வீசுக்குக் கொடுக்கும்போது, "பாலிஷ் போட வேண்டாம், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.