இலத்தீனில் மதுரை

நுழையும்முன்

பள்ளியில் விருப்பப் பாடமாகத் தமிழைக் கற்கும் நாம், தொலைதூர நாட்டு மாணவர் விருப்பப் பாடமாகக் கற்கும் மற்றொரு பழைய மொழியை இப்பாடத்தில் அறிவோம். அம்மொழி இலத்தீன். உரோமப் பேரரசின் மொழியாகிய அதை இன்று எவரும் தாய்மொழியாகப் பேசுவதில்லை. எனினும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உயர்நிலைப் பள்ளி மாணவர் பலர் அதனை விரும்பிக் கற்கின்றனர்.

வேற்றுமை உருபுகள்

இலத்தீன் கற்கும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் தடை வேற்றுமை உருபு. நமக்கோ அது பழகிய வழியே.

‘புவெர் லிப்ரும் லெகிட்’ என்பது ஓர் இலத்தீன் தொடர். ‘புவெர்’ என்றால் சிறுவன். ‘லிப்ரும்’ என்றால் நூலை. ‘லெகிட்’ என்றால் படிக்கிறான். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை தமிழில் உள்ளவாறே அமைந்திருத்தலைக் காண்க. ‘நூலைச் சிறுவன் படிக்கிறான்’ என்று தமிழில் மாற்றிச் சொன்னாலும் பொருள் மாறாது. இலத்தீனிலும் அவ்வாறே. சொல்லின் இடத்தைவிட உருபே பொருளைக் காக்கிறது.

வினைச்சொல்லும் அத்தகையதே. லெகோ என்றால் படிக்கிறேன். லெகிஸ் என்றால் படிக்கிறாய். நான், நீ என்று தனியே கூற வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ‘லெகிட்’ என்னும் சொல் ஆண், பெண் இருபாலார்க்கும் பொது. தமிழோ படிக்கிறான், படிக்கிறாள் எனப் பாலையும் காட்டும்.

தமிழில் இரண்டாம் வேற்றுமைக்கு ‘ஐ’ என்னும் ஓர் உருபே உண்டு. இலத்தீனில் பெயர்ச்சொற்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, வகுப்பிற்கேற்ப உருபுகள் வேறுபடும். அதனால் இலத்தீன் மாணவர் நீண்ட அட்டவணைகளை மனப்பாடம் செய்கின்றனர்.

சமஸ்கிருத வகுப்பில் ‘பாலக: புஸ்தகம் படதி’ என்று படித்திருப்பீர்கள். ‘புஸ்தகம்’, ‘லிப்ரும்’ இரண்டும் ‘ம்’ என்று முடிகின்றன. இது தற்செயலன்று. அவ்விரு மொழிகளும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம்மைச் சூழ்ந்து வழங்கும் மராத்தியும் அக்குடும்பமே. தமிழ் திராவிடக் குடும்பத்து மொழி. குடும்பம் வேறாயினும், உருபேற்றுப் பொருள் தரும் இயல்பில் தமிழும் இலத்தீனும் ஒத்திருக்கின்றன.

மிளகும் பொன்னும்

உரோமர் மொழியைக் கற்போர் உரோமர் வாழ்வையும் கற்பர். அதில் நமக்கும் பங்குண்டு. பிளினி என்னும் அறிஞர் கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலில், பாண்டிய மன்னன் ஆண்ட ‘மொதுரா’ குறிக்கப்படுகிறது. அதுவே மதுரை. முசிறித் துறைமுகமும் அந்நூலில் இடம்பெறுகிறது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என்று பிளினி குறைபட்டுக்கொண்டார். மிளகைப் பொன்னும் வெள்ளியும் போல நிறுத்து வாங்குகிறார்களே என்றும் வியந்தார்.

இதனையே நம் அகநானூறு மறுகரையிலிருந்து காட்டுகிறது. யவனரின் கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் திரும்பியதை அது பாடுகிறது. வாங்கியவர் குறையும் விற்றவர் பெருமிதமும் இருவேறு மொழிகளில் நிலைத்துள்ளன. ஒரு மொழியை மட்டும் அறிந்தவர்க்குப் பாதி வரலாறே கிட்டும்.

இச்சான்றுகள் மகாராட்டிரத்திலும் உள்ளன. கோலாப்பூரின் பிரம்மபுரியில் பொசைடன் என்னும் கடல் தெய்வத்தின் வெண்கலச் சிலை கிடைத்தது. அங்கு 1945-46இல் அகழாய்வு செய்தோர் நம் புனேயின் டெக்கான் கல்லூரி அறிஞர்கள். அதே 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் உரோமர் மட்கலங்களை அகழ்ந்தெடுத்தார்.

இருமொழிப் பாலம்

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680-1747) தமிழகத்திற்கு வந்து தமிழ் கற்றார். தமிழ் இலக்கணத்தை ஐரோப்பியர்க்கு இலத்தீனில் விளக்கினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவர் என்று போற்றப்படுபவரும் அவரே. அவருக்கு முன் மதுரையில் தமிழ் கற்ற இராபர்ட் தெ நொபிலியின் பெயரால் புனேயில் ஒரு கல்லூரி இயங்குகிறது.

காந்தியடிகள் இலண்டன் மெட்ரிக்குலேசன் தேர்வில் முதன்முறை இலத்தீனில் தோல்வியுற்றார். மீண்டும் முயன்று வென்றார். பின்னர் உரோமர் சட்டத்தை மூலநூலிலேயே படிக்க அது உதவியது. தென்னாப்பிரிக்கத் தமிழரோடு பழகிய அவர் தமிழ் கற்கவும் முயன்றார்.

நமக்குரிய செய்தி

இலத்தீன் ஒரே நாளில் மறையவில்லை. மக்கள் பேச்சு சிறிது சிறிதாக மாறி இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் முதலிய மொழிகளாயிற்று. பழைய இலத்தீன் வீட்டைவிட்டு நீங்கி, நூல்களிலும் வழிபாட்டிலும் தங்கியது. அதனைக் கற்போர்க்கு ஐயம் தீர்க்க ஆசிரியரும் அகராதியும் உண்டு. கதை சொல்ல இலத்தீன் பேசும் பாட்டி இல்லை. நமக்கோ தமிழ் பாடநூலிலும் உண்டு, வீட்டிலும் உண்டு. புனேயில் வாழும் நாம் தெருவில் மராத்தியும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறோம். அவை நமக்குத் தேவையானவையே. வீட்டில் தமிழ் பேசுவதும் தமிழில் ஒரு பக்கம் படிப்பதும் நம் கையில் உள்ளன. அவ்விரண்டும் நின்றுவிட்டால், நம் பேரப்பிள்ளைகளும் தமிழை அட்டவணை கொண்டே கற்க நேரும்.

சொற்பொருள்
கலம் – மரக்கலம், கப்பல்
யவனர் – கிரேக்கர், உரோமர்
மட்கலம் – மண்பாண்டம்
பெயர்த்தார் – மொழிபெயர்த்தார்

பயிற்சி
1. ‘லெகிட்’, ‘படிக்கிறாள்’ – இவற்றிடையே உள்ள வேறுபாடு யாது?
2. மிளகு வணிகத்தைப் பற்றிப் பிளினியும் அகநானூறும் கூறுவனவற்றை ஒப்பிடுக.
3. ‘பாட்டி கதை சொன்னார்’ – இத்தொடரில் இரண்டாம் வேற்றுமை உருபை வெளிப்படையாகச் சேர்த்து எழுதுக.
4. வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, உங்கள் ஊரில் வழங்கும் ஐந்து சொற்களைப் பொருளுடன் எழுதி வருக.