உறையும் குடம்

தலைப்பைக் கண்டு நண்பர்கள் நகைக்கக் கூடும். 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் முல்லையாற்றில் வந்து சேரும் வீரபாண்டியில், தண்ணீர் உறைவதைப் பற்றி என்ன ஆராய்ச்சி?

லடாக்கில் சில குளிர்காலங்கள் லாரி ஓட்டிய என் சித்தப்பாதான் இதற்குக் காரணம். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 15, 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. குழாய்கள் உறைந்துவிட்டால் வீட்டுக்குள் பிடித்து வைத்த நீரே கதி. ஓர் இரவு சித்தப்பா கேனை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, வெளிச்சுவர் ஓரமாக வைத்துவிட்டார். விடிந்தபோது கேன் பிளந்து கிடந்தது. "சோறாக்க வச்சிருந்த மண்ணெண்ணெய் பூராம் அந்தக் கட்டியை உருக்கவே போச்சுடா தம்பி" என்று இன்றும் வருந்துவார்.

அவர் வருத்தத்தை இயற்பியல் விளக்குகிறது. உறையும்போது நீரின் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். எனவே பாத்திரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலியிடம் வேண்டும். நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியானது. அதற்கும் கீழே குளிர்ந்த நீர் மேலே தங்குவதால் பனிக்கட்டி முதலில் மேற்பரப்பில் படர்கிறது. நாம் பெருமையோடு இடுப்பில் சுமக்கும் பித்தளைக் குடத்தை அங்கே கொண்டுபோனால் என்னாகும்? குறுகிய கழுத்து தக்கைபோல் அடைபடும். உள்ளே மிஞ்சிய நீர் உறைந்து பெருக வழியின்றிக் குடத்தையே பிளந்துவிடும். வாயகன்ற அண்டாவே மேல். அதையும் வெறுந்தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி, சாக்கு சுற்றி, அடுப்படிப் பக்கம் வைக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் தீர்ந்த கதைக்கும் கணக்குண்டு. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும். அதே நீரைச் சுழியிலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கவும் அவ்வளவே போதும்! 20 லிட்டருக்கு 16 லட்சம் கலோரி. உறையும்போது இதே வெப்பம் வெளியேறுவதால்தான், குளிர்நாட்டு உழவர்கள் நிலவறையில் காய்கறிகளுக்கருகே தண்ணீர்த் தொட்டி வைத்துக் காத்தனர்.

குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாகவே வேலை செய்யும். கூடுதல் நேரம் காத்திருந்தே அருந்த வேண்டும்.

நம் ஊரிலோ தொல்லை நேர்மாறானது. மூடாத தொட்டியில் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலையை எட்டிவிடும். நீரைக் கொட்டினாலும், சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இதைப் படித்தபின் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுத் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்ப்பது என் வேலையாகிவிட்டது.