டுரியானும் தேன் வௌவாலும்

நம்பிக்கை: வௌவால் டுரியான் பூவைத் தின்று நாசமாக்குகிறது, விரட்டினால் காய்ப்பு கூடும்.

பினாங்கின் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டங்களில் விடிகாலை மரத்தடியில் பூக்கள் கொட்டிக் கிடப்பதைக் கண்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் டுரியான் பூ மாலையில் விரியும். விடிவதற்குள் இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் தானே உதிர்த்துவிடும். பழி மட்டும் வௌவாலுக்கு! மலேசியாவின் தியோமான் தீவில் ஆய்வாளர் ஷீமா அப்துல் அசீஸ் குழுவினர் மரங்களில் கேமரா பொருத்திப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பழந்தின்னி வௌவால்கள் பூந்தேனைக் குடித்துவிட்டு, பூவைக் கெடுக்காமல் மகரந்தத்தைக் கடத்தின. பல டுரியான் வகைகள் சொந்த மகரந்தத்தில் சரியாகக் காய்ப்பதில்லை. வேறு மரத்து மகரந்தத்தை யாராவது கொண்டுவர வேண்டும்.

நம்பிக்கை: ஓர் இனம் போனால் எல்லாமே சரிந்துவிடும்.

இது எதிர்ப்பக்கத்து மிகை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் ஒரேயொரு நட்சத்திர மீன் இனத்தை மட்டும் அகற்றிவந்தார். சிப்பிகள் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ள, 15 இனங்கள் 8 ஆகக் குறைந்ததாக 1966இல் எழுதினார். ஆனால் எல்லா இனத்துக்கும் இந்த எடை கிடையாது. போன இனத்தின் வேலையைச் செய்ய இன்னொன்று இருந்தால் பாதிப்பு சிறிதாகவே முடியலாம்.

நம்பிக்கை: வௌவால் இல்லாவிட்டால் தேனீ பார்த்துக்கொள்ளும்.

மலைத்தேனீ டுரியான் பூவுக்கு வரும், உண்மைதான். ஆனாலும் பக்கத்துத் தென் தாய்லாந்தில் நடந்த ஆய்வு, முக்கிய வேலையாள் குகையில் வாழும் தேன் வௌவால்தான் என்று கண்டது. பெத்தாய் மரத்தின் பூவும் அதே வௌவாலை நம்பியிருக்கிறது. ஆக, அது குறைந்தால் இரண்டு மரங்களின் காய்ப்பிலும் கை வைத்தாயிற்று.

தோட்டக்காரர்கள் கவனிக்காத விஷயம் இதுதான்: டுரியான் பூப்பது ஆண்டில் சில வாரங்களே. மற்ற மாதங்களில் தேன் வௌவாலுக்குச் சாப்பாடு? வாழைப்பூவும், கரையோரச் சதுப்புக் காட்டின் பெரெம்பாங் பூவும். பத்து மலைக் குகைகளின் வௌவால்கள் கடலோரச் சதுப்புக் காடுவரை பறந்துபோய்த் தேன் குடித்துத் திரும்புவதை 1970களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். ஆகவே பத்து காவான் கரையில் சதுப்பு மரம் விழுந்தால், அதைத் தடுக்கச் சொல்லி முதலில் மனு எழுத வேண்டியவர் டுரியான் தோட்டக்காரர், மீனவர் அதற்கப்புறம்.