அன்னாள் தைத்த சட்டை



பிள்ளைகளுக்காகச் சாமி கும்பிடாத தாய் தகப்பன் நம்ம தோட்டங்களில் இல்லை. பிரட்டுக்குப் போகுமுன் பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசுகிறோம். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துகிறோம். நேர்த்தி வைக்கிறோம். "எங்க காலம் இந்தக் கூடையோட போகட்டும், புள்ளைங்க காலமாவது நல்லா இருக்கணும்" என்பதுதான் எல்லா லயத்திலும் கேட்கும் வேண்டுதல். இம்முறை பாடம் அந்த வேண்டுதலைப் பற்றியது.

நான் சைவன். ஆனாலும் வேதாகமக் கதை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சின்ன வயதில் எங்கள் லயத்துக்கு வந்துபோன உபதேசியார் ஒருவர் சொன்னது. சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் இருக்கிறது.

அன்னாள் என்றொரு பெண். அவளுக்குப் பிள்ளை இல்லை. சீலோ என்ற ஊரிலிருந்த ஆலயத்துக்குப் போய் அழுது வேண்டுகிறாள். உதடுதான் அசைகிறது, சத்தம் வரவில்லை. அங்கிருந்த ஆசாரியர் ஏலி, இவள் குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார். (பெரிய இடங்களுக்குப் போய் வந்த ஏழைகளுக்கு இது புதிதல்ல.) அவள் தன் மனக்குறையைச் சொன்ன பிறகு ஆசீர்வதித்து அனுப்புகிறார். ஆண் பிள்ளை பிறக்கிறது. சாமுவேல் என்று பெயர் வைக்கிறாள். நேர்ந்துகொண்டபடி, பால்குடி மறந்ததும் பிள்ளையை ஆலயத்திலே கொண்டுபோய் விடுகிறாள்.

பலர் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பின்னால் வருவதுதான் முக்கியம். வருசா வருசம் ஆலயத்துக்குப் போகும்போது அன்னாள் பிள்ளைக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப் போவாளாம். தாய்மாரே, யோசித்துப் பாருங்கள். வளருகிற பிள்ளைக்குச் சட்டை தைப்பதென்றால் அளவு தெரிய வேண்டும். போன வருசம் பிள்ளையைக் கிட்ட நிறுத்தி, தோளைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். இந்த வருசம் எவ்வளவு உயர்ந்திருப்பான் என்று வீட்டிலிருந்தே கணக்குப் போட்டிருக்க வேண்டும். கடவுளிடமே ஒப்படைத்த பிள்ளையைக்கூட அவள் மனக்கணக்கிலிருந்து விடவில்லை.

இந்தக் கதை எனக்குத் திரும்பவும் ஞாபகம் வந்தது 2023இல், கொழும்பில்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மாவும் அரிசியும் விலை ஏறிக் கிடந்த நேரம், எங்கள் தோட்டத்துத் தாய் ஒருவர் தன் மூத்த மகனைத் தரகர் ஒருவரோடு கொழும்புக்கு அனுப்பினார். பையனுக்கு அப்போது 13 வயது. வெள்ளவத்தையில் ஒரு கடை. "சாப்பாடு, தங்க இடம், பின்னேரம் டியூசன்" என்று தரகர் சொன்னார். மறு வருசம், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி இருக்குது, கொழும்பு வழி தெரியாதுங்க ஐயா என்று வந்து கேட்டார். எனக்கும் அங்கே வேலை இருந்தது. இரவு ரயிலில் அட்டனிலிருந்து போய் விடிய முன்னம் கோட்டையில் இறங்கினோம்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் செவ்வாய்க்கிழமை போனவர்களுக்குத் தெரியும், அந்தோனியார் கோயிலில் சமயம் கேட்பாரில்லை. பொட்டு வைத்தவர்களும், சிங்கள ஆட்களும், முஸ்லிம் ஆட்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்து, கும்பிட வந்த சனம் மாண்டது. அதே யூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல் நாள், கோயில் திரும்பத் திறக்கப்பட்டது. பயந்து யாரும் வராமல் இருக்கவில்லை.

அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்தது. அங்கும் அர்ச்சனை செய்தோம். ஐயர் கேட்டதும் அந்தத் தாய் மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் தட்டாமல் சொன்னார்.

பிறகு புறக்கோட்டையில் காலி வீதி பஸ் எடுத்து வெள்ளவத்தை போனோம். அட்டன் பஜாரில் வாங்கிய நீலச் சட்டை ஒன்று அவர் பையில் இருந்தது. கடையின் பின்பக்கமிருந்து பையன் வந்தான். கை இரண்டும் சவர்க்காரத் தண்ணீரில் வெடித்திருந்தது. சட்டையைப் போட்டுப் பார்த்தான். தோள் பிடித்தது, பொத்தான் எட்டவில்லை, கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. தாய் முதலில் சிரித்தார். பிறகு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டியூசன் போறியா தம்பி?" என்று கேட்டேன்.

"கடை பூட்டவே பத்து மணி ஆயிருங்க ஐயா."

நம்ம நாட்டில் 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று 2016இலே விதி வந்தது. 16 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டு வேலையும் கடை வேலையும் இதில் அடங்கும். அந்தத் தாய்க்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பையன் போனபோது என் பதிவேட்டில் 'கொழும்பு' என்று ஒரு சொல் எழுதிப் புத்தகத்தை மூடியவன் நான்தான். அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை எழுத எனக்கு உரிமையில்லை.

அரைப் பேர் விழுகிற வீட்டில் நாலு பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. வயது வந்த பிள்ளை கொழும்புக்கு உழைக்கப் போவதும் தப்பில்லை. வெள்ளவத்தைக் கடைகளில் நின்று தங்கச்சியைப் படிக்க வைத்த அண்ணன்மார் நம்மிடையே உண்டு. 13 வயதுப் பிள்ளையின் கதை வேறு.

தகப்பன்மாருக்கும் அந்தக் கதையிலே ஒரு இடம் இருக்கிறது. அன்னாளை ஆசீர்வதித்த ஏலிக்குச் சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேர். காணிக்கை இறைச்சியையே பறித்துத் தின்றவர்கள். தகப்பன் வாயால் கண்டித்தார், அதுவும் பிந்தி. தடுக்கவில்லை. ஊரார் பிள்ளைக்கு ஆசி சொன்ன வாய், சொந்த வீட்டில் பலிக்கவில்லை. தரகர் தரும் முற்பணத்தை யார் கையில் வாங்குகிறார்கள் என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

பையனைக் கூட்டிவர ஒரு மாதத்துக்கு மேலே எடுத்தது. பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் உதவினார். அதிபரும் மறுக்காமல் சேர்த்துக்கொண்டார். ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு உட்கார வைத்ததில் அவனுக்குக் கோபம். இரண்டு முறை பள்ளிக்கூட நேரத்தில் தேயிலைக்குள் ஒளிந்திருந்து பிடிபட்டான். அந்த நீலச் சட்டை இப்போது தம்பிக்குச் சரியாக இருக்கிறது.

இதை வாசிக்கிற வீட்டார், இன்றிரவு விளக்கு வைத்துக் கும்பிட்ட பிறகு ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். வெளியில் நிற்கும் நம்ம பிள்ளை கடைசியாக எப்போது நேரில் வந்தது? தங்கியிருக்கும் விலாசம் நம்ம கையில் இருக்கிறதா, தரகர் கையில் இருக்கிறதா? இப்போது எந்த அளவுச் சட்டை போடுகிறது? பதில் தெரியாவிட்டால் பிரட்டு முடிந்து என்னிடம் வாருங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் என்னைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் உடனே பேசுங்கள்.