ஒத்த சேர்வைகளைக் கொண்டு நச்சுத்தன்மையை எதிர்வுகூறல்

மாணவர்களே, புதிய இரசாயனப் பொருள் ஒவ்வொன்றையும் உயிரினங்களில் சோதித்துப் பார்க்கக் காலமும் பணமும் போதாது. எனவே, அதனை ஒத்த அமைப்புடைய, ஏற்கெனவே சோதிக்கப்பட்ட சேர்வைகளின் தரவுகளிலிருந்து அதன் நச்சுத்தன்மையை எதிர்வுகூறுவர்.

அற்ககோல்களை உதாரணமாக எடுப்போம். சிறிய நன்னீர் மீன்களை அற்ககோல் கலந்த நீரில் 96 மணித்தியாலம் விட்டு, அவற்றில் அரைவாசி இறக்கும் செறிவு அளக்கப்பட்டது. ஒரு லீற்றர் நீரில் அச்செறிவு மெதனோலுக்கு (1 காபன்) ஏறத்தாழ 28,000 மில்லிகிராம். எதனோலுக்கு (2 காபன்) ஏறத்தாழ 14,000, பியூற்றனோலுக்கு (4 காபன்) 1,800, ஹெக்சனோலுக்கு (6 காபன்) 100. எண் குறையக் குறைய நஞ்சு கூடுகிறது என்பதைக் கவனிக்கவும். பலர் இதைத் தலைகீழாக எழுதிப் புள்ளிகளை இழக்கிறார்கள்.

காரணம் என்ன? காபன் சங்கிலி நீளும்போது மூலக்கூறு கொழுப்பில் கூடுதலாகக் கரைகிறது. கலமென்சவ்வில் கொழுப்பு உண்டு. ஆகவே அதனுள் இலகுவாகப் புகுகிறது.

இப்போது 5 காபன் கொண்ட பென்ரனோலை எதிர்வுகூறுங்கள். 1,800 இற்கும் 100 இற்கும் இடையில், சில நூறு மில்லிகிராம் என்பீர்கள். சரி. சோதனையிலும் அப்படியே கிடைத்தது.

ஆனால் இதே போக்கை மனிதனுக்குப் பிரயோகித்தால், எதனோலை விட மெதனோல் தீங்கு குறைந்தது என்ற விடை வரும். இது உயிராபத்தான பிழை! மெதனோல் கலந்த கள்ளச்சாராயம் குடித்துக் கண்ணிழந்தோரும் இறந்தோரும் பல நாடுகளில் உண்டு. 10 மில்லிலீற்றர் அளவே பார்வையைப் பறிக்கக்கூடும்.

இங்கு நஞ்சாவது மெதனோல் அன்று, அதன் விளைபொருளே. ஈரலிலுள்ள நொதியங்கள் மெதனோலைப் போமல்டிகைட்டாகவும் பின்னர் போமிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. இவ்வமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். எதனோலிலிருந்து உருவாவதோ அசற்றிக் அமிலம். அதை உடல் இலகுவில் பயன்படுத்திவிடும். எலியைச் சோதித்திருந்தாலும் ஏமாந்திருப்போம். எலியின் உடல் போமிக் அமிலத்தை விரைவாக அகற்றிவிடுவதால் அதற்குக் கண் பாதிப்பதில்லை.

ஆகவே விடை எழுதும்போது “அமைப்பு ஒத்தது” என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். உடலினுள் அப்பொருள் எதுவாக மாறுகிறது, எந்த உயிரினத்தில் சோதிக்கப்பட்டது என்பவற்றையும் குறிப்பிடவும்.

பயிற்சி: பென்ரேன், ஹெக்சேன், ஹெப்ரேன் ஆகியன அடுத்தடுத்த ஐதரோகாபன்கள். ஆயினும் தொழிற்சாலைகளில் நீண்டகாலம் ஆவியைச் சுவாசித்தோரின் கைகால் நரம்புகளைக் கெடுப்பதில் ஹெக்சேனே பேர்பெற்றது. காரணம் யாதாக இருக்கலாம்? (குறிப்பு: மெதனோலை நினைவிற் கொள்க.)