வெளிச்சம் முதலில், லென்ஸ் பிறகு

மேக்ரோ படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பூவோ பூச்சியோ, சிறியதைப் பெரிதாக்குவது இந்தக் கலையில் எளிய பகுதி. பெரிதாக்கியதைச் சரியான வெளிச்சத்தில் காட்டுவதில்தான் சிக்கலெல்லாம் இருக்கிறது. இது பழைய சங்கதி. 1665இல் லண்டனில் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ நூலின் முன்னுரையில், ஒரே ஈயின் கண் வெளிச்சம் மாறும்போதெல்லாம் வேறு வேறு வடிவமாகத் தோன்றுவதை ராபர்ட் ஹூக் விவரிக்கிறார். ஒரு வெளிச்சத்தில் துளைகளாகத் தெரிந்தவை இன்னொன்றில் கூம்புகளாகத் தெரிந்தன. எது உண்மை வடிவம் என்று முடிவு செய்ய அவர் பல வெளிச்சங்களில் பார்க்க வேண்டியிருந்தது. எண்ணெய் தோய்த்த காகிதத்தைப் பொருளுக்கு மிக அருகில் நிறுத்தி, பூதக்கண்ணாடியால் ஒளியைக் குவித்து அந்தக் காகிதத்தின் வழியே பாய்ச்சுவது அவர் கையாண்ட உத்திகளில் ஒன்று. இன்று டிஃப்யூசர் என்ற பெயரில் நாம் தேடுவதும் அந்தக் காகிதத்தைத்தான்.

ஏன் வெளிச்சம் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கே சாட்சி. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பொருள் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் முழு அகலத்தையும் நிரப்பும் நெருக்கத்தை ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பார்கள். அந்த நெருக்கத்தில் எஃப்/11 வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர். தட்டானின் கண் தெளிவாக இருந்தால் இறக்கை மங்கிவிடும். பாதி அளவுக்குப் பின்வாங்கினால் ஆழம் 4 மில்லிமீட்டர் ஆகும் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கேயே நின்று பழகுவது நல்லது. அப்பர்ச்சரை இன்னும் சுருக்கி ஆழத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். ஆனால் லென்ஸ் இவ்வளவு நெருங்கும்போது ஒளி தானாகவே குறைகிறது. ஒன்றுக்கு ஒன்றில் எஃப்/11 என்பது எஃப்/22 போல வேலை செய்யும்; அதாவது நான்கில் ஒரு பங்கு ஒளிதான் சென்சாரை எட்டும். எஃப்/22 வைத்தால் அது எஃப்/44 ஆகி, ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுக்கவே மழுங்கிவிடும். எனவே எஃப்/8க்கும் எஃப்/11க்கும் நடுவில் நிற்பதே புத்திசாலித்தனம். அங்கே நின்றுகொண்டு, நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் 1/50 நொடிதான் கிடைக்கும். காற்றில் ஆடும் தும்பைப் பூவையோ அதில் தேன் குடிக்கும் தேனீயையோ அசைவில்லாமல் பிடிக்க 1/800 நொடியாவது வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓ 1600. மர நிழலுக்குள் போனால் 12,800. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும்: இயற்கையைப் படமெடுக்க இயற்கை ஒளிதான் அழகு, ஃபிளாஷ் எதற்கு? பூக்களைப் பொறுத்தவரை இதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் இப்படிச் சொல்கிறவர்கள் காட்டும் நல்ல படங்களைப் பாருங்கள். பெரும்பாலானவை மேகமூட்டத்திலோ அதிகாலையிலோ எடுத்தவையாக இருக்கும். வானத்தில் சூரியன் அரை டிகிரி அகலம்தான். அவ்வளவு சிறிய மூலத்திலிருந்து வரும் ஒளி கறுத்த நிழலையும் வெளுத்த புள்ளிகளையும் உண்டாக்கும். மேகம் வந்து மறைத்ததும் வானம் முழுவதும் ஒளிமூலமாகிவிடுகிறது. அவர்கள் விரும்புவது உண்மையில் பரவிய ஒளியை. கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 1928இல் ஜெர்மனியில் வெளியிட்ட தாவரப் படத்தொகுப்பு இன்றும் பேசப்படுகிறது. தானே செய்துகொண்ட கேமராவும், வெற்றுப் பின்னணியும், மென்மையான பகலொளியும்தான் அவரிடம் இருந்தவை. அவருடைய தண்டுகளும் மொட்டுகளும் அறைக்குள் அசையாமல் நின்றன. நம் தட்டான் நிற்காது. வெளியே பூ எடுக்கிறவர்கள் வெயிலுக்கும் பூவுக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டித் துணியைப் பிடிக்கச் சொன்னாலே போதும். பூச்சி எடுக்கிறவர்களுக்குத்தான் ஃபிளாஷ் அவசியமாகிறது. குறைந்த சக்தியில் அது எரியும் நேரம் நொடியின் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். கை நடுக்கமும் காற்றும் அதற்குள் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபிளாஷை வெறுமனே அடித்தால் கெடுதல்தான். பொன்வண்டின் முதுகு கண்ணாடிபோல் பளபளப்பது. அதில் ஃபிளாஷின் சிறு சதுரம் வெள்ளைப் பொட்டாக விழுந்து நிறத்தையே விழுங்கிவிடும். முதல் மழைக்குப் பின் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சிக்கு வெல்வெட் போன்ற மேனி என்பதால் இந்தத் தொல்லை குறைவு; அங்கே சிவப்பு அளவுக்கு மீறி அப்பிவிடாமல் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். டிஃப்யூசரைக் கையாலேயே செய்துகொள்ளலாம். டிரேசிங் பேப்பரோ, டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டோ எதுவானாலும் சரி. இரண்டு சாண் அகலத்துக்கு வெட்டி, வளைத்து, லென்ஸின் முனைக்கு மேலே முன்னோக்கிக் கவிந்து நிற்கும்படி ஒட்டுங்கள். ஃபிளாஷின் ஒளி ஷீட் முழுவதும் பரவி விழ, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் ஒரு பொட்டு எரியும். ஷீட் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ, பூச்சியின் பார்வையில் அந்த ஒளி அவ்வளவு பெரியது. வேலை சரியா என்று பார்க்க, குதிக்கும் சிலந்தியின் முன்புறம் உள்ள இரண்டு பெரிய கண்களைப் படமெடுங்கள். டிஃப்யூசரின் வடிவம் அதில் அப்படியே தெரியும். ரிங் ஃபிளாஷில் அது வளையமாகத் தெரிவதும், முகம் தட்டையாகிப்போவதும் எனக்கு உவப்பானவை அல்ல.

கேமராவை மேனுவலில் வையுங்கள்: ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் எஃப்/11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் சக்தி எட்டில் ஒரு பங்கு. ஓர் இலையை எடுத்துப் பார்த்து, சக்தியை மட்டும் கூட்டிக் குறையுங்கள். ஃபிளாஷ் படங்களில் பின்னணி இருண்டுவிடுகிறது, பகலில் எடுத்தது நள்ளிரவு போலிருக்கிறது என்ற புகார் நியாயமானது. ஒளி 10 சென்டிமீட்டரில் பூச்சியைத் தொடுகிறது என்றால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் புதருக்கு அதில் நூறில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். பின்னால் சில சென்டிமீட்டரிலேயே ஓர் இலை வரும்படி கோணத்தை மாற்றினால் இருள் போய்விடும். இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி, ஃபிளாஷைக் குறைத்து, பகலொளியையும் கொஞ்சம் உள்ளே விடலாம்.

ஃபோகஸுக்கு ஆட்டோவை நம்பாதீர்கள். வேண்டிய நெருக்கத்தை லென்ஸில் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்த வேண்டும். பூச்சி அமர்ந்திருக்கும் தண்டை இடக்கையால் பிடித்து, லென்ஸை அதே கையின் மேல் சாய்த்துக்கொண்டால் தண்டும் கேமராவும் சேர்ந்தே ஆடும். செடியே ஆடும் இடத்தில் ட்ரைபாட் எதற்கும் உதவாது. பட்டாம்பூச்சியின் மூடிய இறக்கைக்குச் சென்சார் இணையாக நின்றால், கிடைக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்திலேயே இறக்கை முழுதும் தெளிவாகிவிடும்.

ஃபிளாஷ் பூச்சியைத் துன்புறுத்தாதா என்றும் கேட்கலாம். இமை இல்லாத உயிர் அது, கேள்வி தகும். ஒவ்வொரு மின்னலுக்கும் அது திடுக்கிட்டால், நகர்ந்தால், நிறுத்திவிட வேண்டியதுதான். ஆனால் அசையாத படம் வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் மற்ற வேலைகள் இதைவிடக் கொடியவை. தன் எறும்பு ஓரிடத்தில் நில்லாததால் ஹூக் அதற்குப் பிராந்தி கொடுத்து மயக்கினார். இன்று பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார்கள், பசை தடவிக் கிளையில் ஒட்டுகிறார்கள். போதிய ஒளி இருந்தால் இதற்கெல்லாம் தேவையே எழாது. விடியற்காலையில் பனியில் விறைத்திருக்கும் தட்டான் அசையாது. வெயில் ஏறிய பிறகும் அது விட்ட குச்சிக்கே திரும்பி வந்து உட்காரும் வழக்கமுள்ளது. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கிடப்பதைக் கவனியுங்கள். அழகிகள் இனப் பட்டாம்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். எருக்கஞ்செடியில் வெந்தய வரியனின் வரிப்புழு கிடைக்கும். இரண்டும் மெல்ல நகர்பவை. பழகுவதற்கு இவற்றைவிட நல்ல ஆள் இல்லை.

இனி லென்ஸுக்கு வரலாம். கையில் கைபேசி மட்டும் இருந்தால் அதன் மேக்ரோ வசதியே போதும். கைபேசியின் நிழல் பூவில் விழாமல் ஒதுங்கி, வெயில் இருந்தால் டிரேசிங் பேப்பரால் மறைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். கேமரா இருப்பவர்களிடம் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் நீள எக்ஸ்டென்ஷன் டியூப் சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று வந்துவிடும். ஒரே குறை, பூச்சியை மிகவும் நெருங்கிப் போக வேண்டியிருக்கும். 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸின் உண்மையான லாபம் பூச்சியிடமிருந்து இன்னும் சற்றுத் தள்ளி நிற்கலாம் என்பதே. கூர்மையில் அது பெரிய அதிசயம் ஒன்றும் செய்துவிடாது. எனவே கையில் இருக்கும் பணத்தில் முதலில் ஒரு சாதாரண மேனுவல் ஃபிளாஷ் வாங்குங்கள், டிஃப்யூசரை வீட்டில் செய்யுங்கள், அடுத்து டியூப். லென்ஸை வாங்குவதற்கு முன் சில நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.